பெரியப்பா படம் எங்கே?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கிராமம். கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டரை வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு, போன ஆடியில் ஊரோடு வந்துவிட்டேன். அங்கே கேண்டிட் படங்கள்தான், அதாவது ஆட்களை நிற்க வைக்காமல் அவர்கள் இயல்பாக இருக்கும்போது எடுக்கிற படங்கள்தான், எடுத்துப் பழக்கம். ஆவணியில் தனியாக எடுத்த முதல் கல்யாணத்திலேயே அடி. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றுதான்: "பெரியப்பா படம் எங்கே?" மீதிப் பணம் இன்னும் வரவில்லை. டியூப்லைட், கலர் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் வந்து நிற்கும் செல்போன்கள் என்று எதுவும் நல்ல படத்துக்கு விடுவதில்லை. வருகிற தையில் மாமா மகள் கல்யாணம், வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. இரண்டையும் ஒழுங்காக எடுக்க வேண்டும். கடன் வாங்கிப் பெரிய கேமரா வாங்கலாமா? படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதம் நீளமாக இருந்ததால் மேலே சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. அவர் யார், அவர் படம் இல்லாதது ஏன் அவ்வளவு பெரிய குறையாகப் போயிற்று என்று அந்த வீட்டில் விசாரித்தீர்களா?

நம் பக்கத்து ஊர்களில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். வரப்புத் தகராறில் பத்து வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பியாக இருப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்காக ஊரில் நாலு பேர் பேசிச் சேர்த்து வைத்திருப்பார்கள். தம்பி வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டிருப்பார். அண்ணன் வந்து மேடையேறி அட்சதை போட்டு, மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் போயிருப்பார். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு நடந்ததில் தாலிக்கு அடுத்த பெரிய சங்கதி அதுதான். நீங்கள் அந்த நேரம் பெண்ணின் மருதாணிக் கையைப் பின்னணி கரைய எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நல்ல படமாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா கேட்டது நியாயமான கேள்வி.

இதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன், உங்களுடையதைவிடப் பலமாக. 1998இல் மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாலி கட்டும்போது அம்மா மேடைப் பக்கமே வரவில்லை. தான் முன்னால் நிற்கக் கூடாது என்று அவராகவே ஒதுங்கி, சமையல் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி நின்றார். நான் பார்த்தேன். பார்த்தும் எடுக்கவில்லை. ஃபிலிம் காலம், ஒரு ரோலுக்கு 36 படம், மொத்தம் ஐந்து ரோல்தான் பேச்சு. கணக்குப் பார்த்துத்தான் பட்டனை அமுக்குவோம். நாலு வருஷம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அம்மா தவறிவிட்டார், மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும், கல்யாண நெகட்டிவில் எங்காவது இருப்பார், தேடிக் கொடுங்கள் அண்ணே என்றாள். ஐந்து ரோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பந்தி வரிசைக்குப் பின்னால் ஒரு படத்தில் பாதி முகம் இருந்தது. பெரிதாக்கினால் வெறும் புள்ளிப் புள்ளியாக வந்தது. கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைக் கொடுத்து ஓர் ஓவியரிடம் வரைந்து வாங்கிக்கொண்டு போனாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் மேடைக்கு வருகிறேன்.

சரி, தை கல்யாணத்துக்கு வருவோம். உங்கள் மாமா வீடுதானே, எல்லாரையும் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டில் உங்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு வாரம் முன்னதாக இரண்டு வீட்டுக்கும் ஒரு நோட்டோடு போங்கள். அப்பாவிடம் பேசிப் பயனில்லை, அவர் பந்தல்காரரோடும் சமையல்காரரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவிடமோ மூத்த அத்தையிடமோ கேளுங்கள். தாய்மாமன் எத்தனை பேர், மூத்தவர் யார்? சீர்த்தட்டு எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் கிளம்பும்? நாத்தனார் முறைக்கு நிற்கப் போவது யார்? சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவு போட்டு வருகிறவர் உண்டா? நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பெரியவர் யாராவது உண்டா? கடைசியாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சு வார்த்தை இல்லை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தகவல் இல்லாமல் இரண்டு பங்காளிகளை ஒரே நேரத்தில் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டால் கல்யாணம் வேறு பக்கம் போய்விடும்.

நோட்டில் முறைப்படி பெயர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனையோ பெண்ணையோ அன்றைக்கு உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இவர்தான் சின்ன மாமா" என்று காட்ட ஆள் வேண்டும். எடுத்த பெயரை அடித்துக்கொண்டே வரலாம்.

மேடையில் வரிசையாக நிற்க வைத்து எடுப்பது உங்களுக்குச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையாகவும், கேண்டிட் கலையாகவும் தெரிகிறது. எனக்கும் உங்கள் வயதில் அப்படித்தான் தெரிந்தது. எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிற வேலையில் பாதி என்ன தெரியுமா? பழைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, குரூப் போட்டோவில் ஒரு முகத்தைக் காட்டி, இவரை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கித் தாருங்கள் என்பது. மாட்டுகிற படத்துக்கு, கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு, அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு. கிராமத்தில் பலருக்குத் தெளிவான முகத்தோடு இருக்கும் ஒரே படம் யாரோ ஒருவர் கல்யாண மேடையில் நின்ற படம்தான். செல்போனில் ஆயிரம் எடுத்திருப்பார்கள். போன் உடைந்தால் எல்லாம் போச்சு. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. எந்தத் திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள், யார் பின்னால் நின்றார்கள் என்பதை வைத்தே அந்தக் காலத்துக் குடும்பங்களைப் படிக்க முடிகிறது என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. எடுத்தவர்கள் நம்மைப் போல நிற்க வைத்து எடுத்த ஆட்கள்தான்.

ஆகவே நிற்க வைத்து எடுப்பதையே நன்றாக எடுங்கள். 50 எம்எம் லென்ஸின் துளையை 1.8 என்ற அளவில் அகலத் திறந்து வைத்து இரண்டு வரிசை ஆட்களை எடுத்தால் முன்வரிசை தெளிவாக இருக்கும், பின்வரிசை மங்கிவிடும். பின்வரிசையில்தான் பெரியப்பா நிற்பார். துளையைச் சுருக்கி 5.6 அல்லது 8 வையுங்கள், வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி தெரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே குரூப்பை நாலு தடவை அமுக்குங்கள், பத்துப் பேரில் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லாதீர்கள். நம் பெரியவர்கள் படத்துக்குச் சிரிக்கிற பழக்கம் இல்லாதவர்கள், சொன்னால் பல்லை இறுக்கிக்கொள்வார்கள். பேர் சொல்லி ஏதாவது கேளுங்கள். "ஐயா, இந்த வருஷம் கண்மாய்ல தண்ணி எவ்வளவு?" என்று கேட்டால் முகம் தானாக இளகும்.

கேண்டிட் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கண்ணுக்குத் தீனி கிராமத்துக் கல்யாணத்தில் நிறைய இருக்கிறது, ஆனால் அது மேடையில் இல்லை. முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல் கொட்டகையில், விறகடுப்பு வெளிச்சத்தில், காய் நறுக்கிக்கொண்டே கதை பேசுகிற பெண்கள். தாய்மாமன் சீர் வெடிச் சத்தத்தோடு தெருமுனையில் திரும்பும்போது குலவை போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவருகிறவர்கள். தவில்காரர் விரல் கூடுகளை மாட்டிக்கொள்கிற நேரம். இவற்றில் எனக்குப் பிடித்தது, தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டோடு சபைக்குள் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற இரண்டு மூன்று நிமிஷம். வயலில் வெடித்த கை, வளையல் கை, நடுங்குகிற கை என்று ஊரே தொட்டுக் கும்பிடும். அந்தத் தட்டு எடுத்து வருகிறவருக்கு ஓரடி முன்னால் பின்நடையாகவே போனால் இருபது படம் கிடைக்கும். மேடையில் காத்துக்கொண்டு நின்றால் ஒன்றுகூடக் கிடைக்காது.

மொய் எழுதுகிற மேசையையும் எடுங்கள், ஆனால் நோட்டில் இருக்கும் பெயரும் தொகையும் படிக்கிற மாதிரி எடுக்காதீர்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. உங்களுக்கு அது காகிதம், அவர்களுக்கு அது வரவு செலவு. கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று அதற்காகவே பந்தல் போட்டுக் கறி விருந்து வைப்பார்கள். அங்கே எடுக்கப் போனாலும் இதே எச்சரிக்கை.

தாலி கட்டுகிற நேரம் பத்து வினாடிதான். கெட்டிமேளம் என்றதும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், செல்போன் எல்லாம் உயரும், அட்சதை லென்ஸ் மேல் விழும். நீங்கள் கத்தினால் எடுபடாது. முதல் நாளே கொஞ்சம் வாட்டசாட்டமான, எல்லாரும் மதிக்கிற ஒரு மாமாவைப் பிடித்து, "மாமா, அந்த நேரம் என் முன்னாடி யாரும் வராம நீங்கதான் பாத்துக்கணும்" என்று பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அவர் பார்த்துக்கொள்வார். சடங்கு செய்கிறவரிடமும் முன்கூட்டியே போய், தாலியை எந்தப் பக்கமிருந்து எடுத்துக் கொடுப்பார், முடிச்சுப் போடும்போது நாத்தனார் எங்கே நிற்பார் என்று கேட்டு வையுங்கள். ஐயரை வைத்துச் செய்கிற வீடும் உண்டு, ஊர்ப் பெரியவரே எடுத்துக் கொடுக்கிற வீடும் உண்டு. 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படியே செல்லுபடியாகும் சுயமரியாதைத் திருமணம் என்றால் அக்னியும் இருக்காது, முகூர்த்தக் கெடுபிடியும் இருக்காது; யார் தலைமையில், பேச்சுக்கு முன்பா பின்பா மாலை மாற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 1991இல் ஒரு கல்யாணத்தில் ஃபிலிம் பல்லில் மாட்டாமல், ரோல் ஓடுகிற மாதிரியே ஓடி, கடைசியில் ஒரு படமும் விழவில்லை. மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா? மாலையைத் திருப்பிப் போட்டு நாலு படம் எடுத்துச் சமாளித்தேன். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் மெமரி கார்டு பழுதாகும். ஒரே பெரிய கார்டில் முழுக் கல்யாணத்தையும் எடுக்காமல் சின்ன கார்டுகளாக மாற்றி மாற்றி எடுங்கள். அன்று ராத்திரியே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். ஆல்பம் கைக்குப் போகிற வரை கார்டை அழிக்க வேண்டாம்.

கோயிலில் தாலி கட்டுகிறார்கள் என்றால் முதலில் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை சொன்னதிலிருந்து பல இடங்களில் கேமராவுக்கும் கெடுபிடி. கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

வெளிச்சம். டியூப்லைட்டைத் திட்டியிருக்கிறீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். நீங்கள் வினாடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்தால் ஒரு படம் மஞ்சளாக, ஒரு படம் இருட்டாக, சில படத்தில் குறுக்கே பட்டையாக வரும். 100இல் ஒரு பங்கு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அசையாத குரூப்புக்கு 50இல் ஒரு பங்கும் போதும். ஜெனரேட்டரில் ஓடுகிற பந்தலில் இந்தக் கணக்கும் தவறும், சீரியல் செட் எல்ஈடி அதன் இஷ்டத்துக்கு மின்னும். அதனால் முதல் நாள் ராத்திரி விளக்குப் போட்டதும் பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சிவப்பும் மஞ்சளுமான சாமியானாவில் பிளாஷை மேலே திருப்பி அடிக்கிற பழக்கத்தை மண்டபத்தோடு விட்டுவிடுங்கள். துணியின் நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். பிளாஷுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். பகலில் கீற்றுப் பந்தலுக்குள் முகமெல்லாம் புள்ளி வெயில் விழும். பையன்கள் இரண்டு பேரை நாலு முழ வேட்டியை விரித்து மேலே பிடிக்கச் சொல்லுங்கள். நான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வெள்ளைத் துணி எதுவும் அதைவிட நன்றாக வேலை செய்யவில்லை. வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டத்தைக் கேமரா தானாக அளந்தால் அது இருட்டாக்கித்தான் எடுக்கும், முகம் கருத்துவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலாகவும் எடுத்து வையுங்கள். முகத்தை வெளுக்க வைக்கிற வேலையை ஆல்பம் டிசைனரிடம் ஒப்படைக்காதீர்கள். அவர் ஒரே தட்டில் ஊரையே சுண்ணாம்பு அடித்துவிடுவார், அப்பத்தாவின் சுருக்கம் எல்லாம் காணாமல் போய்விடும். இதில் எனக்குக் கோபம் அதிகம், மன்னிக்கவும்.

பிளாஸ்டிக் நாற்காலி இருந்துவிட்டுப் போகட்டும். முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவர்களுக்கு அதுவும் பார்க்க வேண்டிய பொருளாகிவிடும். எங்கள் காலத்தில் மடக்கு நாற்காலியை மறைக்கப் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. இன்று அந்தப் படங்களில் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேமராக் கடன் வேண்டாம். இருக்கிற கேமராவும் 50 எம்எம் லென்ஸும் பிளாஷும் போதும். கல்யாண நாளுக்கு மட்டும் இரண்டாவது கேமராவும் 24-70 லென்ஸும் மதுரையில் வாடகைக்கு எடுங்கள். கைக்காசில் கூடுதல் கார்டு, பிளாஷுக்கு இரண்டு செட் பேட்டரி, ஒரு ஹார்டு டிஸ்க். ட்ரோன் கேட்பார்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் உள்ளவரை அழைத்து வாருங்கள், அல்லது மாடியில் ஏறி எடுங்கள். சீர் ஊர்வலத்துக்கு மாடிப் படமே போதும்.

இனித் திருவிழா. கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள், திருவிழாவில் நீங்களாக நுழைகிறீர்கள். சொந்த ஊர் என்றாலும் காப்புக் கட்டுவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முளைப்பாரி வளர்க்கிற இருட்டு வீட்டுக்குள் பல ஊர்களில் ஆண்களை விடமாட்டார்கள். உங்கள் ஊரிலும் அப்படியென்றால் வற்புறுத்த வேண்டாம், உங்கள் தங்கையிடம் கேமராவைக் கொடுத்து அனுப்புங்கள். அந்தப் படம் உங்களால் எடுக்கவே முடியாத படமாக இருக்கும். வெயில் படாமல் வளர்ந்ததால் முளை வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயங்காலம் ஊர்வலம் கிளம்பும்போது சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி தெருவில் நில்லுங்கள். ஒவ்வொரு பாரியும் விளக்கு ஏற்றியதுபோல் தெரியும். கண்மாய்க்கு எந்தப் பாதையில் போவார்கள் என்று முந்தைய நாளே நடந்து பார்த்துவிட்டால் இடம் அமையும்.

சாமி வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேராகப் பிளாஷ் அடிக்கக் கூடாது. மரியாதை ஒரு பக்கம். பக்கத்தில் தாங்கிப் பிடித்திருக்கிறவர்களுக்கும் கண் கூசும், ஆட்டத்தில் தடுமாறினால் அடிபடும். சாமியாடிக்கும் திருநீறு வாங்க நிற்கிறவருக்கும் இடையில் குறுக்கே போகாதீர்கள். செருப்பில்லாமல் போங்கள், தோல் பெல்ட்டையும் வீட்டில் வைத்துவிடுங்கள். பூக்குழிக்குக் காற்று வீசுகிற பக்கம் முதுகைக் காட்டி, தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் புகையும் அனலும் உங்கள் மேல். அந்தி மயங்குகிற நேரம், கங்கின் சிவப்பும் முகமும் இரண்டுமே தெரிகிற கால் மணி நேரம் கிடைக்கும். மஞ்சள் தண்ணீர் அன்றைக்குக் கேமராவை நெகிழிப் பையில் போட்டு லென்ஸ் வாயில் ரப்பர் பேண்ட் போடுங்கள். முறைப்பெண்கள் கேமராக்காரனைத்தான் முதலில் குறி வைப்பார்கள், அதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று. உங்கள் தெருவை மட்டும் எடுத்துவிட்டு எங்கள் ஊர்த் திருவிழா என்று போடாதீர்கள். கொட்டடிக்கிறவர்கள், பந்தம் பிடிக்கிறவர்கள், புரவியெடுப்பு உள்ள ஊர் என்றால் சாமிக்கு மண் குதிரை செய்கிற வேளார் வீடு, கூட்டிப் பெருக்குகிறவர்கள், எல்லாத் தெருவுக்கும் போய் எடுங்கள். எடுத்ததில் ஆளுக்கொரு 4க்கு 6 பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். எனக்குத் தெரிந்து பறைக்காரர் ஒருவர் 40 வருஷம் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் அடித்திருக்கிறார், அவர் வீட்டில் அவர் பறையோடு நிற்கிற படம் ஒன்று இல்லை.

இன்ஸ்டாகிராம் பற்றி. கூலி வாங்கி எடுத்த கல்யாணப் படத்தின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில், எந்தப் படத்தை வெளியிடலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருவிழாவில் நீங்களாக எடுத்தது உங்களுடையது. ஆனாலும் சாமியாடுகிற பெண்ணை, ஈரத்துணியோடு பால்குடம் எடுக்கிறவரை, கேட்காமல் போடாதீர்கள். வயதுக்கு வந்த சடங்கு வீட்டுப் பிள்ளைகளின் படத்தை அம்மா அப்பா சம்மதித்தாலும் போடாதீர்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். இதையொட்டி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்று தெரிந்தால் அந்தக் கல்யாண வேலையை ஏற்காதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மீதிப் பணம். ரேட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் பக்கத்து ரேட் உங்களுக்குத் தெரியும். பாதியை முன்பணமாகவும், இன்னொரு கால் பங்கைக் கல்யாணத்தன்றும் வாங்கிவிட்டால் ஆல்பத்தில் சிக்காது. ஆவணியில் கல்யாணம் என்றால் வருகிறது தலைப் பொங்கல். பெண் வீட்டார் சீர் கொண்டு போவார்கள், பெரியப்பா இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, நானும் வரட்டுமா என்று கேளுங்கள். பொங்கப் பானைக்குப் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும், அவர்களுக்கு இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் நிற்க ஒரு படம் எடுங்கள். 12க்கு 18 அளவில் லேமினேட் செய்து உங்கள் செலவில் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். பணத்தைப் பற்றி அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டாம். எடுக்கும் முன் பெரியப்பாவிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கண்ணாடியோடு எடுக்கவா, கழற்றிவிட்டு எடுக்கவா என்று. கண்ணாடியோடு என்றால் பிளாஷ் அடிக்காமல் வாசல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.